நண்பகலில் தெருவிளக்கு எரிந்த நாள்

எஸ்லிங்கன் என்ற ஊரைத் தெரியாதவர்களுக்காக முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறோம். தென் ஜேர்மனியில், ஸ்ருட்காட் நகரிலிருந்து நெக்கார் ஆற்றோரமாக ரயிலில் கால் மணித்தியாலம் வந்தால் எஸ்லிங்கன். ஆற்றங்கரையில் தொழிற்சாலைகள். அவற்றைத் தாண்டினால் பழைய நகரம். மரச்சட்டங்கள் சுவருக்கு வெளியே தெரியும் பல நூற்றாண்டுப் பழைய வீடுகள் இன்னும் ஆட்கள் குடியிருக்கும் வீடுகளாகவே நிற்கின்றன. நகரத்துக்குப் பின்னால் எழும் மலைச்சரிவு முழுவதும் திராட்சைத் தோட்டம். உச்சியில் கோட்டை மதில். அந்தச் சரிவின் அடியில், லிப்ற் இல்லாத கட்டிடம் ஒன்றின் நான்காம் மாடியில் எங்கள் வீடு இருந்தது. இரண்டு அறை, ஒரு சின்னக் குசினி, தெற்கே பார்த்த ஒரு பல்கணி. மூன்று வருடம் முகாமில் இருந்துவிட்டு வந்த எங்களுக்கு அந்தப் பல்கணிதான் முற்றம். கறிவேப்பிலைச் சாடி வைத்ததும் அங்கே, உடுப்புக் காயப்போட்டதும் அங்கே, விருந்தினர் வந்தால் ஆண்கள் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று ஊர்க்கதை கதைத்ததும் அங்கேதான்.

1999 ஆகஸ்ட் 11ஆம் திகதி, புதன்கிழமை. அன்றைய முழுச் சூரிய கிரகணத்தின் பாதை எங்கள் பல்கணிக்கு மேலாகப் போனது.

அந்த வருடம் ஜூலை தொடங்கவே ஜேர்மனி முழுக்க இதே கதைதான். முழுக் கிரகணம் இந்த நாட்டின் மேலாகப் போனது அதற்கு முன் 1887இல். இனி வரப்போவது 2081 செப்ரெம்பர் 3இல். அதாவது, தவறவிட்டால் பேரப்பிள்ளைகளுக்குத்தான். நிழலின் பாதை ஏறக்குறைய 110 கிலோமீற்றர் அகலம். சார்புறுக்கன், கால்ஸ்றூ, ஸ்ருட்காட், உல்ம், அவுக்ஸ்பேர்க், மியூனிக் எல்லாம் அதற்குள் அடங்கின. ஸ்ருட்காட்டில் 12.33க்கு இருட்டும், 2 நிமிடம் 17 செக்கன் நீடிக்கும் என்று பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதின. கிரகணம் பார்க்கும் காகிதக் கண்ணாடிகளுக்குக் கடைகளில் வரிசை. நாங்கள் முந்திக்கொண்டு மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் ஐந்து வாங்கி வைத்தோம். ஆகஸ்ட் தொடங்கியதும் எந்தக் கடையிலும் கண்ணாடி இல்லை.

முழுக் கிரகணம் எங்கள் வீட்டு வாசலுக்கே வருகிறதென்றால் சும்மா இருக்க முடியுமா? ரெலிபோன் எடுத்து எல்லோரையும் கூப்பிட்டோம். வருகிறோம் என்றவர்கள் இரண்டு தரப்பு. ஒன்று பரிசிலிருந்து ஒரு குடும்பம்: கணவன், மனைவி, எட்டு வயது மகன். (பரிஸ் நகரம் பாதைக்குச் சற்று வெளியே நின்றது. றெயின்ஸ் நகரத்துக்குப் போனாலே அவர்கள் முழுதாய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் அவர்கள் வந்தது கிரகணத்துக்கு அல்ல, எங்களிடம்.) மற்றவர் வடஜேர்மனியில் ஒரு சின்ன ஊரின் ஹைமில் இருந்த தம்பி. எங்களோடு முதல் முகாமில் ஒரே அடுப்பில் சமைத்தவர். எங்களுக்கு வதிவிட அனுமதி கிடைத்துவிட்டது. அவருடைய வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது.

புதிதாக வந்தவர்களுக்கு இது விளங்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். அந்தக் காலத்தில் ஜேர்மனியில் அகதி வழக்கு முடியாதவர்கள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு வெளியே போவதானால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதி எழுதி வாங்கவேண்டும். கலியாணவீடோ செத்தவீடோ, எதற்கும் அதே கடதாசிதான். கடதாசி இல்லாமல் ரயில் நிலையத்தில் பிடிபட்டால் தண்டப்பணம். இரண்டாம் தரம் பிடிபட்டால் அது குற்ற வழக்கு. சிறைத் தண்டனைக்குக்கூட இடமிருந்தது. 2015இல் இந்த விதி பெருமளவு தளர்த்தப்பட்டது. என்றாலும் முதல் வரவேற்பு முகாமில் இருக்கும் காலத்துக்கு இப்போதும் கட்டுப்பாடு உண்டு. ஆகவே பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா என்று புறப்படுமுன் உங்கள் பத்திரத்தில் அச்சடித்திருக்கும் வரிகளைப் பாசை தெரிந்த ஒருவரிடம் காட்டி வாசிப்பியுங்கள்.

தம்பி 7ஆம் திகதியிலிருந்து 12ஆம் திகதி வரை அனுமதி கேட்டிருக்கிறார். என்ன காரியமாகப் போகிறீர் என்று அலுவலர் கேட்டதற்கு ஒளிக்காமல் "சூரிய கிரகணம் பார்க்க" என்றிருக்கிறார். அந்த அலுவலர் சிரித்துவிட்டு, "சூரியன் இங்கேயும்தானே தெரியும்" என்று சொல்லி, 10ஆம் திகதி வரைக்கும் மட்டும் எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை பின்னேரம் தம்பி வந்து சேர்ந்தார். அப்போது ஐந்து பேர் 35 மார்க்குக்குப் போகக்கூடிய வார இறுதிச் சீட்டு இருந்தது. முன்பின் தெரியாத நான்கு பேரோடு சேர்ந்து ஏழு மார்க் போட்டு, ஒவ்வொரு சிற்றூரிலும் நிற்கும் ரயில்களில் மாறி மாறி ஏறி வந்திருந்தார். கையில் ஒரு பை நிறைய அப்பிள். "ஹைமுக்குப் பக்கத்துத் தோட்டத்தில விழுந்து கிடக்குது அக்கா, ஒருத்தரும் பொறுக்கிறேல்லை" என்றார். மறுநாள் பரிசுக் குடும்பம் பஸ்ஸில் வந்து இறங்கியது. இரண்டு அறை வீட்டில் எட்டுப் பேர். ஆண்கள் குசினியில் படுத்தோம்.

பரிசுத் தங்கச்சிக்கு அப்போது ஆறு மாதம். அவர் வந்த அன்றே எங்களுக்குள் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. கர்ப்பிணிகள் கிரகணத்தைப் பார்க்கக்கூடாது, கத்தி ஊசி தொடக்கூடாது, யன்னலைச் சாத்திப் படுக்கவேண்டும் என்று கொழும்பில் லொட்ஜில் இருந்த தாயார் ரெலிபோனில் மூன்று தரம் சொல்லியிருந்தாராம். எங்கள் மூத்த மகள் பள்ளிக்கூடத்தில் படித்ததை எடுத்து விளங்கப்படுத்தத் தொடங்கினாள். சூரியன் சந்திரனைவிட ஏறக்குறைய 400 மடங்கு பெரியது, 400 மடங்கு தூரத்தில் இருக்கிறது, அதனால்தான் இரண்டும் வானத்தில் ஒரே அளவாய்த் தெரிகின்றன. சந்திரனின் பாதை ஐந்து பாகை சாய்ந்திருப்பதால் எல்லா அமாவாசையிலும் கிரகணம் வருவதில்லை, இரண்டு பாதையும் வெட்டுகிற இடத்துக்குக் கிட்ட வரும்போதுதான் வரும். அந்த இரண்டு வெட்டுப் புள்ளிகளைத்தான் எங்கள் பஞ்சாங்கக்காரர் ராகு, கேது என்கிறார்கள் என்று நாங்களும் சேர்த்துச் சொன்னோம். பாம்பு விழுங்குவது கதை; ஆனால் கணக்கு கணக்குத்தான், அதை எங்கள் முன்னோர் சரியாய்ப் போட்டார்கள்.

தங்கச்சி எல்லாவற்றையும் பொறுமையாய்க் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"அதெல்லாம் எனக்கும் படிப்பிச்சவைதான் அக்கா. தொண்ணூற்றைஞ்சில ஒக்ரோபர் இருபத்திநாலாம் திகதி காலமை ஊரில கிரகணம் பிடிச்சது. அண்டைக்கு நான் பயப்பிடேல்லை. முற்றத்தில நிண்டு மஞ்சள் தண்ணித் தட்டில பாத்தனான். ஆறு நாள் கழிச்சு முப்பதாம் திகதி இரவு, இவனைத் தோளில போட்டுக்கொண்டு மழைக்குள்ள நாவற்குழிப் பாலத்தால நடந்தனான்."

அதற்குப் பிறகு எங்கள் மகளும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. இலட்சக்கணக்கானவர்கள் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த இரவு அது. கிரகணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தெரிந்திருப்பது ஒன்று, வயிற்றில் ஒரு பிள்ளையோடு இருப்பது வேறொன்று. கிரகணத்தால் கருவிலிருக்கும் பிள்ளைக்குக் கேடு வரும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்பதே இன்றும் எங்கள் நிலைப்பாடு. அதற்காக ஆறு மாதக் கர்ப்பிணியோடு வாதாடி வெல்லவேண்டிய தேவையும் இல்லை. உள் அறையை அவருக்கு ஒழுங்குபண்ணி, யன்னலுக்குத் தடித்த சீலை போட்டுக் கொடுத்தோம்.

செவ்வாய்க்கிழமை விடியவே தம்பி வெளிக்கிட வேண்டியிருந்தது. கிழமை நாளில் வார இறுதிச் சீட்டு செல்லாது. முழுச் சீட்டு எடுத்தால் சோசலில் மாதச் செலவுக்குக் கிடைக்கும் 80 மார்க்கும் போய்விடும். "ஒரு நாள்தானே, நிண்டு பாத்திட்டுப் போ. ஆர் கேக்கப் போறாங்கள்?" என்றார் பரிசு நண்பர். தம்பி கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் யோசித்ததை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். மேன்முறையீடு நீதிமன்றத்தில் இருந்தது. ஏற்கெனவே ஒருமுறை பக்கத்து மாவட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போய்ப் பிடிபட்டிருந்தார். "வேண்டாம் அண்ணை. இரண்டரை நிமிசத்துக்காக இரண்டரை வருசத்தை விடேலாது" என்றார். சீட்டுக்கு எல்லோரும் சேர்ந்து காசு போட்டோம். வழியில் சாப்பிடப் புட்டும் முட்டைப்பொரியலும் கட்டிக் கொடுத்தோம். எங்கள் சின்னவள் ஐந்து கண்ணாடிகளில் தன்னுடையதை எடுத்துக்கொண்டுபோய் அவர் சேட்டுப் பையில் வைத்தாள். வேண்டாமென்று திருப்பித் தரப் பார்த்தார், அவள் வாங்கவில்லை.

கண்ணாடி பற்றி இங்கே இரண்டு வார்த்தை. ஊரில் மஞ்சள் தண்ணீரிலும் சாணித் தண்ணீரிலும் பார்த்தோம், புகைபிடித்த கண்ணாடியால் பார்த்தோம், எக்ஸ்ரே படத்தால் பார்த்தோம். ஒன்றுமே பாதுகாப்பில்லை. கண்ணின் விழித்திரைக்கு நோவு தெரியாது. சுடுகிறது என்று உணராமலே அது கருகிவிடும், சில மணித்தியாலம் கழித்துத்தான் பார்வையில் குறை தெரியவரும். இப்போது விற்கும் கிரகணக் கண்ணாடிகளில் ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற தர எண் இருக்கவேண்டும். கீறல் விழுந்ததை எறிந்துவிடுங்கள். கண்ணாடி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, குசினியில் இருக்கும் அரிதட்டையோ இடியப்பத் தட்டையோ வெயிலில் பிடித்து நிலத்தில் விழும் நிழலைப் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு குட்டிப் பிறைச் சூரியன் விழும். சின்னப் பிள்ளைகளுக்கு இதுதான் நல்லது.

புதன்கிழமை விடிந்தபோது மழை.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பதினொரு மணிக்குள் சமைத்துச் சாப்பிட்டு முடித்துவிட்டோம், கிரகண நேரத்தில் அடுப்பு மூட்டுவதில்லை என்ற வழக்கத்தை விடவும் மனமில்லை. மீந்த சோற்றில் தர்ப்பைப்புல் போடவேண்டும் என்றார் தங்கச்சி. எஸ்லிங்கனில் தர்ப்பைக்கு எங்கே போவது? ரயில் பாதை ஓரத்தில் நண்பர் ஏதோ ஒரு நீட்டுப் புல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அது போதும் என்று தங்கச்சியே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டார். எங்கள் மகள் உலக்கைக் கதையைக் கேள்விப்பட்டு, தட்டில் தண்ணீர் ஊற்றி ரொட்டி தட்டும் கட்டையை நிமிர்த்தி வைத்தாள். நின்றது. கிரகணம் தொடங்க இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது!

பதினொன்றேகாலுக்குச் சந்திரன் சூரியனைத் தொட்டிருக்க வேண்டும். நாங்கள் பார்த்தது சாம்பல் நிற முகிலைத்தான். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் மழை விட்டது. மேற்கே ஒரு கிழிசல் வந்து, கண்ணாடிக்குத் தேவையே இல்லாத மாதிரி முகிலுக்குள் ஒரு வெள்ளைப் பிறை தெரிந்தது. "கண்ணாடியைப் போடு, கண்ணாடியைப் போடு" என்று ஆளுக்கு ஆள் கத்தி, போட்டு முடிய முகில் மூடிவிட்டது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு சூரியனை நாங்கள் காணவில்லை.

ஆனால் அதற்குப் பிறகுதான் நாங்கள் பார்த்ததெல்லாம். பன்னிரண்டு இருபதுக்கு மேல் வெளிச்சத்தின் நிறம் மாறியது. மழை இருட்டு எங்களுக்குத் தெரியும், மாலை இருட்டும் தெரியும். இது இரண்டுமில்லை. ஆற்றின் மறுகரைத் தொழிற்சாலைக் கூரைகள் ஈயத்தகடு மாதிரி ஆகின. திராட்சைத் தோட்டத்தில் கத்திக்கொண்டிருந்த குருவிகள் ஓய்ந்தன. குளிர் வந்து கையில் மயிர் நிமிர்ந்தது. பிறகு மேற்கே ஸ்ருட்காட் பக்கத்திலிருந்து ஒரு கருமை முகிலுக்கு அடியால் எழுந்து வந்தது. சுவிச்சை மெல்ல மெல்லத் திருகியது போல வெளிச்சம் குறைந்து, கடைசியில் ஒரேயடியாய் இருட்டிவிட்டது. கீழே தெருவிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பற்றின. வீதியில் கார்கள் லைற் போட்டன. தூரத்தில், நிழலின் விளிம்புக்கு அப்பால், அடிவானம் மட்டும் செம்மஞ்சளாய் இருந்தது. கோட்டைப் பக்கம் கூடியிருந்த சனம் ஓவென்று கத்தியது எங்களுக்குக் கேட்டது.

பரிசிலிருந்து வந்த பெடியன் அந்த நேரம் பல்கணியில் எங்களோடு நின்றவன். இருட்டு வந்து சனம் கத்தியதும் அவனைக் காணவில்லை. ஓடிப்போய்க் குசினி மேசைக்குக் கீழே குந்தி, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தான். அவன் அழவில்லை. தகப்பன் கூப்பிட்டும் வரவில்லை. கதவைத் திறந்துகொண்டு தங்கச்சி வந்தார். வெளியே வரக்கூடாது என்று தன்னை அடைத்து வைத்திருந்தவர், கிரகணம் உச்சத்தில் நிற்கும்போது வந்து, அந்த வயிற்றோடு நிலத்தில் இருந்து அவனை இழுத்து எடுத்தார். "ஒண்டுமில்லையடா. நூற்றிமுப்பது மட்டும் எண்ணு, வெளிச்சம் வந்திடும். அப்பாட மணிக்கூட்டில இருக்கு" என்று சொல்லி அவனைப் பல்கணிக் கதவடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் நின்று தமிழில் எண்ணினார்கள். எண்பது வரைக்கும்கூடப் போகவில்லை. மேற்கே முகிலின் அடி வெளுத்து, வந்த மாதிரியே விரைவாய் நிழல் கிழக்கே போனது. பெடியன் எண்ணுவதை நிறுத்தாமல் நூற்றிமுப்பது வரை எண்ணித்தான் விட்டான்.

(அந்தக் கார்த்திகையில் தங்கச்சிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. குறையொன்றும் இல்லை. தாய் கிரகணத்துக்குள் நின்றதைச் சொன்னால் இன்றைக்கும் பெருமைப்படுவாள்.)

ஸ்ருட்காட்டிலிருந்து மியூனிக்குக்குப் போக அந்த நிழலுக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம்தான். எங்களுக்கு வேகமான ரயிலிலும் இரண்டு மணித்தியாலம். அங்கிருந்து ஒஸ்ரியா, ஹங்கேரி, ருமேனியா, துருக்கி, ஈராக், ஈரான், பாகிஸ்தான் என்று தாண்டி, இந்தியாவுக்குள் நுழைந்து, ஆந்திரக் கரையைக் கடந்து வங்காள விரிகுடாவில் சூரியன் படும் நேரத்தில் முடிந்திருக்கிறது. எங்கள் பல்கணியிலிருந்து வங்கக் கடல் வரை இரண்டு மணித்தியாலம். பரிசு நண்பர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "எத்தினை எல்லை! ஒரு இடத்திலயும் விசா கேக்கேல்லை" என்றார். நாங்கள் சிரித்தோம். பிறகு தம்பியை நினைத்துக்கொண்டோம்.

கீழ்வீட்டு ஜேர்மன் கிழவி அப்போதுதான் மணியடித்தார். கையில் பிளம் பழக் கேக். எட்டுச் சோடி சப்பாத்து படிக்கட்டில் கிடந்ததைப் பார்த்து முகத்தைச் சுழித்துவிட்டு (அந்தக் கிழமை படிக்கட்டுக் கூட்டும் முறை எங்களுடையது, இந்தப் பகுதியில் அதை மறந்தால் கிரகணத்தைவிடப் பெரிய தோஷம்), உள்ளே வந்து இருந்தார். பிறகு, தான் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது இந்தத் தெருவில் விளக்கே எரிவதில்லை, விமானம் பார்த்துவிடும் என்று யன்னலுக்குக் கறுப்புச் சீலை போடுவார்கள், நிலவறைக்குள் இருந்து குண்டு எண்ணுவோம் என்று சொன்னார். மகள் மொழிபெயர்த்தாள். தங்கச்சி அவர் பக்கத்தில் போய் இருந்தார். மூன்று வருடம் ஒரே கட்டிடத்தில் இருந்தும் அன்றுதான் அந்த மனுசி எங்கள் வீட்டுக்குள் வந்தவர். அதற்குப் பிறகு அடிக்கடி வந்தார்.

கிரகணம் விட்டதும் எல்லோரும் தலைமுழுக வேண்டும் என்பது தங்கச்சியின் கடைசிக் கட்டளை. சுடுதண்ணீர்ப் பீப்பா இரண்டு பேரோடு முடிந்துவிட்டது. மற்றவர்கள் பச்சைத் தண்ணீரில் குளித்து நடுங்கியது தனிக் கதை.

இரவு எட்டு மணிக்கு ரெலிபோன் அடித்தது. தம்பி, ஹைமுக்கு வெளியே இருக்கும் பூத்திலிருந்து.

"அண்ணை, இங்க நல்ல வெயில்! பத்தில எட்டுப் பங்குக்கு மேல மூடினது. சின்னவள் தந்த கண்ணாடி ஒண்டுதான், முழு ஹைமும் லைனில நிண்டது. குர்திஸ்காரர், கொங்கோக்காரர், எங்கட பெடியள், கடைசியா ஹைம் பொறுப்பாளரும் வந்து நிண்டவர். ஆளுக்குப் பத்துச் செக்கன். அப்பிள் மரத்துக்குக் கீழ பாத்தா நிலம் முழுக்கப் பிறை, பிறையா விழுந்து கிடக்குது. எண்ணேலாது அண்ணை, ஆயிரம் இருக்கும். பிள்ளையள் அதுக்குள்ள நிண்டு விளையாடினதுகள். அந்த ஒஃபீஸ்காரன் சொன்னது சரிதான். சூரியன் இங்கயும் தெரியுது!"

பிறகு கேட்டார்: "உங்களுக்கு எப்பிடி?"

"மழை" என்றோம்.

அட்டையில் காசு முடியும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்.